உழவரும் சிறுநீரகப் பாதுகாப்பும்

பயிருக்கு நோய் கண்டால் இலையின் நிறம் அதைச் சொல்லிவிடுகிறது. மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி எடுக்காமல் நிற்பதைக் கொண்டே அறிந்து கொள்கிறோம். கிணற்றில் ஊற்று அடைபட்டால் மறுநாளே தெரிந்துவிடுகிறது. ஆனால் நமது உடலில் ஓர் உறுப்பு உண்டு. தன் ஆற்றலில் பாதியை இழந்த பின்னரும் அது வலிப்பதில்லை. எவ்வித அறிகுறியும் காட்டாமல் இருந்துவிடுகிறது. அதுவே சிறுநீரகம். முகமும் காலும் வீங்கி, பசி அற்று, மூச்சு வாங்கும் நிலையில் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவரிடம், “இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன” என்று மருத்துவர் கூறும்போது, அந்தக் குடும்பம் திகைத்து நிற்கிறது. அந்நிலை வருமுன் காக்கும் வழிகளையும், அவற்றுள் பஞ்சாயத்துக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

இறைச்சிக் கடையில் ஆட்டின் குண்டிக்காயைப் பார்த்திராதவர் சிலரே இருப்பர். மனிதரின் சிறுநீரகமும் அதே அவரை விதை வடிவத்தில், அதனினும் பெரியதாக, சுமார் 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் கொண்டு அமைந்துள்ளது. விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இவ்வடிகட்டிகளின் வழியே செல்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இவற்றில் வடிகிறது. அத்தனையும் வெளியேறிவிட்டால் மனிதர் உயிர் வாழ இயலாது. ஆகவே, உடலுக்குத் தேவையான நீரையும் உப்பையும் சத்தையும் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகிறது. வாய்க்காலில் வரும் நீரை எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது, எவ்வளவை வடிகாலில் தள்ளுவது என்று நீர்க்கட்டியார் மடையருகே நின்று முறை செய்வது போன்றது இவ்வேலை.

கழிவை அகற்றுவதோடு அதன் பணி முடிவதில்லை. இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்துவதும், புதிய இரத்த அணுக்கள் உண்டாகத் தூண்டுவதும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் ‘டி’ சத்தைப் பயன்படும் நிலைக்குக் கொணர்வதும் சிறுநீரகமே. ஆதலால்தான் அது கெடும்போது இரத்தசோகையும், எலும்புத் தளர்ச்சியும், இரத்தக் கொதிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

நோய் வரும் வழிகள்

நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று நீரிழிவு, மற்றொன்று இரத்தக் கொதிப்பு. நீரிழிவில் இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரையும், கொதிப்பில் மிகுந்துள்ள அழுத்தமும் அந்த நுண்ணிய வடிகட்டிகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இவ்விரு நோய்களும் நகரத்தாருக்கே உரியவை என்ற எண்ணம் இன்று பொருந்தாது. கிராமங்களிலும் அவை பரவியுள்ளன.

ஆனால் உழவர்கள் தனியே அறிந்து கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீரிழிவும் இல்லாமல், கொதிப்பும் இல்லாமல், நடுத்தர வயதில் உழைத்துக் கொண்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைவது உலகின் பல பகுதிகளில் காணப்பட்டது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா ஆகிய நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடம் இது கண்டறியப்பட்டது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகளிடையே 1990-களிலிருந்து இந்நோய் கண்டுவருகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் பகுதி இந்நோயினாலேயே பெயர் அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் விவசாயத் தொழிலாளரிடையே 2023-ஆம் ஆண்டில் அரசு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வழக்கமான காரணங்கள் ஏதுமின்றியே சிறுநீரகம் பழுதுற்றவர்கள் காணப்பட்டனர்.

இதற்குரிய காரணம் எல்லா இடங்களிலும் ஒன்றே என்று அறிஞர்கள் முடிவு கட்டவில்லை. நிலத்தடி நீரின் தன்மை, பூச்சி மருந்துகள், சில உலோகங்கள் முதலியவை ஆராயப்பட்டு வருகின்றன. ஆயினும், கடும் வெயிலில் நீர் அருந்தாமல் நாள்தோறும் உழைப்பது சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுப்பெற்றுள்ளன. மற்றக் காரணங்களை ஆய்வாளர்கள் தேடட்டும். வெயிலும் தாகமும் இன்றே நம்மால் தணிக்கத்தக்கவை.

வெயிலில் நிகழ்வது என்ன?

கோடையில் நாற்று நடுபவரும், களை எடுப்பவரும், கரும்பு வெட்டுபவரும், செங்கல் சூளையில் உழைப்பவரும் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு வியர்வை சிந்தக்கூடும். அந்த நீர் இரத்தத்திலிருந்தே வருகிறது. அதை ஈடுசெய்யாவிடில் இரத்தத்தின் அளவு குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டியதைக் காப்பாற்றும் பொருட்டு உடல் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. வடிகட்டிகள் வாடுகின்றன. ஒரு நாள் இவ்வாறு நேர்ந்தால் மாலையில் நீர் அருந்தியதும் சிறுநீரகம் தேறிவிடும். நாள்தோறும், ஆண்டுதோறும் நேர்ந்தால் வாடிய பகுதி தழும்பாக மாறுகிறது. தழும்பான பகுதி மீண்டும் வேலை செய்வதில்லை.

தாகம் எடுத்த பின் குடிப்போம் என்று காத்திருப்பது சரியன்று. தாகம் தோன்றும்போதே உடலில் நீர் குறைந்துவிட்டது என்பது பொருள். வேலை தொடங்குமுன் ஒன்றிரண்டு டம்ளர் அருந்திவிட்டு, பின்னர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் அருந்துவதே முறை. ஒரேயடியாகக் குடம் நீரைக் குடிப்பதினும் இதுவே மேல். நீராகாரம், மோர், கஞ்சி ஆகிய நமது பழக்கங்கள் வியர்வையில் இழந்த உப்பையும் ஓரளவு ஈடு செய்பவை. மதுவோ உடலிலிருந்து நீரை மேலும் வெளியேற்றுவதால், உழைத்துக் களைத்தவருக்கு அது இரட்டைக் கேடாகும்.

உடலில் நீர் போதுமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும் எனலாம். நல்லெண்ணெய் நிறத்தில் அடர்ந்து, அளவும் குறைந்து, கடுத்து இறங்கினால் போதவில்லை என்று உணர வேண்டும்.

கல்லடைப்பும் இதனோடு தொடர்புடையதே. சிறுநீர் அடர்ந்து நிற்கும்போது அதிலுள்ள உப்புக்கள் படிந்து கல்லாகின்றன. நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துவதே கல்லைத் தடுக்கும் முதல் வழி. எலுமிச்சைச் சாறு கலந்த நீர் நன்மை தரும். பாலும் மோரும் கல்லை உண்டாக்கும் என்றெண்ணி அவற்றை விலக்குவது தவறு. உணவில் உப்பைக் குறைப்பதே பயன் தரும்.

வயலுக்கு எவ்வளவு தண்ணீர்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 30 பேர் 6 மணி நேரம் வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு மணிக்கு 3 டம்ளர், அதாவது 600 மில்லி லிட்டர் என்று கொண்டால், ஒருவருக்கு 3.6 லிட்டர், 30 பேருக்கு 108 லிட்டர். 12 லிட்டர் கொள்ளும் குடத்தில் 9 குடம் வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இரண்டு குடமோ, அவரவர் கொணரும் ஒரு பாட்டிலோதான் இருக்கின்றது. குறை எவ்வளவு பெரிது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. தண்ணீர் சுமந்து வருவதற்கென்று ஓர் ஆளை அமர்த்துவது வீண் செலவென்று நிலத்துக்கு உரியவர் கருதலாகாது. களைத்துச் சோர்ந்த கைகள் செய்யும் வேலை குறைவு. இளைப்பாறி நீர் அருந்தியவர் செய்யும் வேலை மிகுதி.

2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பணி நடைபெறும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருத்தல் வேண்டும் என வகுத்திருந்தது. அரசுப் பணியில் உழைப்பவருக்கு வேண்டியதெனக் கொள்ளப்பட்ட வசதி, தனியார் நிலத்தில் உழைப்பவருக்கும் வேண்டியதே அன்றோ? மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் தொழிலாளர் நலனுக்கு வகுத்த முறையும் தண்ணீர், நிழல், ஓய்வு என்ற மூன்றே சொற்களில் அடங்குகிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நீரின் சுவையையும் கவனிக்க வேண்டும். உப்புக் கரிக்கும் நீரைத் தாகம் தீரக் குடிக்க மனம் வருவதில்லை. தொண்டை நனையும் அளவோடு நிறுத்திக் கொள்கின்றனர். நல்ல குடிநீர் வழங்குவது, மக்கள் போதிய அளவு குடிக்கும்படி செய்வதும் ஆகும்.

பெண்கள் நிலை

நமது கவனத்துக்கு மிகவும் உரிய பகுதி இது. வயலில் வேலை செய்யும் பெண்கள் பலர், தண்ணீர் அருகில் இருந்தும் குடிப்பதில்லை. காரணம், சிறுநீர் கழிக்க மறைவான இடம் இல்லை. காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் வரை அடக்கி வைத்துக் கொள்கின்றனர். நீர் குறைவதாலும், சிறுநீர் நெடுநேரம் தேங்குவதாலும் கிருமிகள் பெருகுகின்றன. நீர்க்கடுப்பு, அடிக்கடி கழியும் உணர்ச்சி, அடிவயிற்றில் வலி ஆகியவை தோன்றுகின்றன. குளிர் காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்துவிட்டால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இது தாய்க்கும் சேய்க்கும் கேடு தருமாதலால், ஒவ்வொரு முறை பரிசோதனைக்குச் செல்லும்போதும் சிறுநீரைச் சோதித்துக் கொள்ளுதல் அவசியம்.

ஆகவே, தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது. ஒதுங்க இடமும் அமைக்க வேண்டும். நான்கு கம்பும் ஒரு தட்டியும் கொண்டு இடம் பெயர்க்கத்தக்க மறைவிடம் ஒன்றை எளிதில் அமைக்கலாம். பள்ளிக்கூடங்களிலும் இதே நிலை நேராதபடி பெண் குழந்தைகளின் கழிப்பறைகள் திறந்தும், தூய்மையாகவும், தண்ணீர் வசதியோடும் இருக்கின்றனவா என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நேரில் சென்று பார்த்தல் நலம்.

முதிய ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்பட்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவது வயதின் இயல்பு என்று விட்டுவிடுவதும் தவறு. தேங்கும் நீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்குத் தக்க சிகிச்சை உண்டு.

வலி மாத்திரையும் பச்சிலையும்

நாள் முழுவதும் குனிந்து வேலை செய்தவருக்கு முதுகு வலியும் மூட்டு வலியும் இயல்பு. கடையில் பெயர் சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாளும் வேலைக்குச் செல்கின்றனர். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் முதலிய வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. வெயிலில் நீர் வற்றிய உடலில் அவை சேரும்போது கேடு பன்மடங்காகிறது. இம்மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவிலும் நாளிலும் அன்றி உட்கொள்ளலாகாது.

பச்சிலைகள் யாவும் தீங்கற்றவை என்று எண்ணுவதும் பிழை. ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி என நம் நாட்டில் வழங்கும் செடிகள் அரிஸ்டோலோகியா என்ற இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினச் செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைத் திரும்பாத வகையில் அழிப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆதலின் சித்த மருந்தாயினும், முறையாகப் பயின்ற மருத்துவரிடமே பெறுதல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

வயலில் நேரும் பிற ஆபத்துக்கள்

கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பாம்பு கடித்தால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியை அழைத்து நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்ல வேண்டும். மந்திரத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்துக்கு இழப்பே.

எலிக் காய்ச்சல் மற்றொன்று. எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வேலை செய்யும்போது, கால் வெடிப்பு, புண் ஆகியவற்றின் வழியே கிருமி உட்புகுகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு ஆகியவை தோன்றினால் உடனே சிகிச்சை பெற வேண்டும். புண்ணைக் கட்டாமல் சேற்றில் இறங்கலாகாது.

பாராகுவாட் முதலிய களைக்கொல்லிகள் வயிற்றில் சென்றால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அழிப்பவை. அவற்றைக் குடிநீர்ப் பாட்டில்களில் ஊற்றி வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டவருக்கு நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதாவதும் உண்டு. ஒரு லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உணவும் பரிசோதனையும்

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம் ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பும் இக்கணக்கில் சேரும். வெயிலில் உழைப்பவர் வியர்வையில் உப்பை இழப்பது உண்மையே. ஆனால் அதற்கு மோரிலும் கஞ்சியிலும் சேரும் சிறிதளவு உப்பே பெரும்பாலும் போதுமானது.

சிறுநீரகம் தானாக அறிவிப்பதில்லை என்று முதலிலேயே கூறினோம். ஆகவே நாம்தான் கேட்டறிய வேண்டும். 30 வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் சோதித்துக் கொள்ளுதல் நலம். விவசாயத் தொழிலாளரைத் தாக்கும் நோயில் சிறுநீரில் புரதம் மிகுதியாகக் காணப்படாமலே சிறுநீரகம் கெடக்கூடும். ஆதலின் சிறுநீர்ப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் கிரியாட்டினினையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். சோதனைச் சீட்டுக்களைத் தேதி வாரியாகப் பாதுகாத்து வைத்தால், சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நிலை எவ்வாறுள்ளது என்பது விளங்கும்.

முதற் கட்டத்திலேயே கண்டறிந்தால், கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தி, உரிய மருந்து உட்கொண்டு, நோயின் வேகத்தைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தலாம். முற்றிவிட்டால் மாற்றுச் சிறுநீரகமோ டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்போதான் வழி. இயந்திரத்தில் செய்யும் சுத்திகரிப்பு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் பிடிக்கும். ஆண்டுக்கு 156 நாட்கள்! அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லாமலே கிடைப்பினும், பேருந்துச் செலவும், உடன் செல்பவரின் கூலி இழப்பும், உழப்படாத நிலமும் அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டு விடும் என்பதை உழவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய நீர் அளவு நலமுள்ளோருக்கு உரியது. சிறுநீரகம் முன்னரே பழுதுற்று வீக்கம் கண்டவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவர் குறித்த அளவே அருந்த வேண்டும். நோய் முற்றியவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகக்கூடும். நட்சத்திரப் பழம் நஞ்சாகவே முடியும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கோடை தொடங்கும் வேளையில் இரண்டு நாட்கள் நமக்கு வாய்ப்பாக வருகின்றன. மார்ச் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை 2006 முதல் உலகச் சிறுநீரக நாளாகக் கொண்டாடப்படுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள்; தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் அறிவிப்பின்படி அது கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அக்கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை விவாதித்துத் தீர்மானிக்கலாம்.

1. ஊரில் வேலை நடைபெறும் ஒவ்வோர் இடத்திலும், ஆட்களின் கணக்குக்கு ஏற்பக் குடிநீரும் நிழலும் வைத்தல்.

2. கோடை மாதங்களில் வேலையை விடியற்காலையில் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் நிறுத்திவிட நிலமுடையோரும் தொழிலாளரும் கூடிப் பேசி நேரம் வகுத்தல்.

3. பெண்கள் வேலை செய்யும் இடங்களில் மறைவிடம் அமைத்தல். பள்ளிக் கழிப்பறைகளைப் பேணுதல்.

4. குடிநீர் ஆதாரங்களைச் சோதனைக்கு அனுப்பி, முடிவைக் கிராம சபையில் படித்தல்.

5. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து, கோடைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பரிசோதனை முகாம் நடத்துதல். 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போன்ற திட்டங்களின் வழியே வீடு தேடிச் செல்லும் சுகாதார ஊழியர்களுக்குத் துணை செய்தல்.

6. நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைகளின் பெயர்களைப் பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவரில் எழுதி வைத்தல்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் தேவையில்லை. ஏரிக்கரை உடைந்த பின் மண் சுமப்பதினும் மழைக்கு முன்னரே கரையைப் பலப்படுத்துவது எளிது என்பதை நமது முன்னோர் அறிந்திருந்தனர். குடிமராமத்து என்ற பெயரில் ஊர் கூடி அதைச் செய்தும் வந்தனர். உழைப்பவரின் உடலையும் அவ்வாறே ஊர் கூடிக் காக்க முடியும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன்னர், தத்தம் ஊரில் இன்று வேலை நடக்கும் வயலில் எத்தனை பேர் உழைக்கின்றனர், எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் எண்ணி வருவாராக. அந்தக் கணக்கிலிருந்தே வேலையைத் தொடங்குவோம்.